41 நாள் உயிரும், பிள்ளைகளிடம் நாம் சொல்லும் பொய்யும்



போன மாதம் எங்கள் வீட்டு மேசையில் இருந்த ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டியைப் படமெடுத்துப் போட்டிருந்தோம். ஞாபகம் இருக்கும். "இது என்ன பூச்சி சேர்?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். "வீட்டுக்குள்ள தண்ணி தேக்கி வெச்சிருக்கிறீங்க, பீ.எச்.ஐ. வந்தாத் தெரியும்" என்று ஒரு நண்பர் பகிடி விட்டிருந்தார். "ரெண்டு மாசத்துல சாகிற சாமானுக்கு ஏன் காசு?" என்று இன்னொருவர். ஒரு சகோதரர் உள்பெட்டியில் வந்து, "ஒரு உசிர வெச்சு விளையாடுறது சரியா?" என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

எல்லாமே நியாயமான கேள்விகள். பரீட்சைத் தாள் திருத்தும் வேலையில் பதில் எழுத முடியவில்லை. இப்போது அந்த உயிரும் இல்லை. ஆறுதலாக இருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டாரில் வேலை செய்யும் மச்சான் லீவில் வந்தபோது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டி, கொஞ்சம் மணல், ஒரு பை தீன், இன்னொரு சின்னப் பையில் மிளகுத்தூள் மாதிரி ஏதோ தூள். அந்தத் தூள்தான் முட்டை. பெயர் ட்ரையொப்ஸ். ஆங்கிலத்தில் வழங்கும் மற்றப் பெயரைத் தமிழாக்கினால் 'வாற்பேய் இறால்' என்று வரும். பொருத்தமான பெயர்தான். முன்பக்கம் கேடயம் கவிழ்த்தது போல ஓடு, பின்னால் வாற்பேய் போல மெல்லிய உடம்பு, முடிவில் நூல் மாதிரி இரட்டை வால். இறால், நண்டு வகையறாதான். ஆனால் நன்னீரில் வாழ்வது.

ட்ரையொப்ஸ் என்றால் கிரேக்க மொழியில் மூன்று கண். இரண்டு கூட்டுக்கண்களோடு நடுவில் இன்னொரு எளிய கண்ணும் உண்டு. வயிற்றுப் பக்கம் பத்துக் கணக்கான சோடிக் கால்கள். நீந்துவதும் அவற்றால்தான், மூச்சுவிடுவதும் அவற்றால்தான்.

பெட்டியில் 'டைனோசர் காலத்து விலங்கு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆசிரியர் புத்தி சும்மா இருக்குமா? பிள்ளைகளுக்கு அதைத் திருத்திச் சொன்னோம். இந்த உருவத்தை ஒத்த உயிர்ச்சுவடுகள் டைனோசர்களுக்கும் முந்திய பாறைகளில் கிடைத்திருப்பது உண்மை. ஆனால் இன்று வாழும் இனங்கள் அவ்வளவு பழையவை அல்ல என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. உருவம் பழையது, இனம் புதிது.

இவை வாழ்வது மழைக்குத் தேங்கி வெயிலுக்கு வற்றும் குட்டைகளில். குட்டை எப்போது வற்றும் என்று தெரியாது. அதனால் அவசர வாழ்க்கை. ஓரிரு நாளில் பொரித்து, இரண்டு மூன்று கிழமையில் முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடும். அதிகம் போனால் மூன்று மாதம், பெரும்பாலும் அதற்கும் குறைவு. அந்த முட்டைகள் காய்ந்த மண்ணுக்குள் பல வருடங்கள் கிடக்கும். அடுத்த மழைக்கு அத்தனையும் ஒன்றாகப் பொரிக்காது. கொஞ்சம் பொரிக்கும், மிச்சம் காத்திருக்கும். வந்த மழை ஏமாற்றிவிட்டால் சந்ததி முழுதும் அழிந்துவிடக் கூடாதே. அல்லாஹ்வின் ஏற்பாட்டை ஒரு சிட்டிகைத் தூளில் பார்க்கலாம்.

முதல் முயற்சியில் நாங்கள் தோற்றோம். பெட்டியில் சொன்னபடி செய்யாமல் பைப் தண்ணீரை ஊற்றினோம். குளோரின் போட்ட தண்ணீர். ஒன்றும் உயிரோடு வரவில்லை. மகனுக்கு ஒரே கோபம். மிச்சம் இருந்த பாதித் தூளை, கடையில் பற்றரிக்கென்று விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு, மேசை விளக்கை எரியவிட்டோம். உப்பும் தாதும் குறைந்த தண்ணீரைத்தான் முட்டை மழைநீர் என்று நம்பும். இரண்டாம் நாள் சுபஹுக்குப் பிறகு மகள் சத்தம் போட்டாள்: "வாப்பா, தூசி நீந்துது!"

பதினொன்று எண்ணினோம். ஒரு கிழமையில் நான்கு. பதினைந்தாம் நாள் ஒன்று. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: இவை ஒன்றையொன்று தின்னும். இடம் காணாவிட்டால், தீன் காணாவிட்டால், பழைய ஓட்டைக் கழற்றிய நேரம் உடம்பு மென்மையாக இருக்கையில் அகப்பட்டதை மற்றது விடாது. பெட்டியோடு வந்த தொட்டி சின்னது. முதலிலேயே பெரிய பாத்திரத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். அது எங்கள் தவறு. தீனைக் கூட்டிப் போட்டுத் தண்ணீரை ஒருமுறை நாறவும் வைத்தோம். அது தலைகீழாக நீர்மட்டத்தில் நீந்தத் தொடங்கியது. தண்ணீரில் ஒட்சிசன் குறைந்ததற்கு அடையாளம். அன்றைக்கு வலீமாவுக்குப் போக உடுத்தவர்கள் போகாமல் நின்று தண்ணீர் மாற்றினோம்.

இப்போது கேள்விகளுக்கு வருவோம்.

விளையாட்டுப் பொருளா என்று கேட்ட சகோதரருக்கு: உங்கள் கவலையில் உண்மை இருக்கிறது. உயிரைப் பெட்டியில் போட்டு விற்கிறவர்கள் அதை உயிர் என்று சொல்லி விற்பதில்லை. 1960களில் அமெரிக்காவில் சித்திரக்கதைப் புத்தகங்களில் 'கடல் குரங்கு' என்று விளம்பரம் வந்தது. படத்தில் கிரீடம் வைத்துச் சிரிக்கும் ஒரு குடும்பம். தபாலில் வந்தது ஆட்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறால். இறால் பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடுகிற அதே சாமான். அந்தப் பிள்ளைகள் தொட்டிக்குள் கிரீடத்தைத் தேடியிருப்பார்கள். ட்ரையொப்ஸ் பெட்டியும் அதே வியாபார வழியில் வந்ததுதான். ஆனால் அதன் உறவினம் ஒன்று பிரித்தானியாவில் மிக அருகிப்போய், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படுகிறது. ஓரிடத்தில் கடைச் சாமான், இன்னோரிடத்தில் சட்டம் போட்டுக் காக்கும் உயிர்.

ஹலால், ஹராம் சொல்ல நாங்கள் ஆலிம்கள் இல்லை. உங்கள் பள்ளி ஹஸ்ரத்திடம் கேளுங்கள். பூனையைக் கட்டிவைத்துத் தீனும் போடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகவைத்த பெண்ணின் ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குள் அகப்படாமல் இருக்க என்ன வேண்டுமோ அதைத்தான் வீட்டில் சட்டமாக்கினோம். காலையில் மகன் தீன் போட வேண்டும். பின்னேரம் மகள் தண்ணீர் பார்க்க வேண்டும். சுவரில் கடதாசி ஒட்டி அடையாளம் போட்டோம். தொட்டி விளையாட்டுச் சாமான் இருக்கிற இறாக்கைக்குப் போகவில்லை. அமானத் என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ தரம் படிப்பித்திருக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு அது விளங்கியது அந்தக் கடதாசியில்தான்.

பீ.எச்.ஐ. பகிடிக்கு: அது பகிடியில்லை, உண்மை. டெங்கு ஊரில் திறந்த தண்ணீர் வைக்கக் கூடாது. வளர்ந்த ட்ரையொப்ஸ் நுளம்புக் குடம்பியைத் தின்னும். அதை நம்பி விட்டுவிட ஏலாது. நாங்கள் நுளம்புவலைத் துணியை இழுத்துக் கட்டி வைத்திருந்தோம். உயிர் போன அன்றே தொட்டியைக் காலி பண்ணிவிட்டோம்.

இனி, சாகிற சாமானுக்கு ஏன் காசு என்ற கேள்வி. இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான். "புள்ளையள் ஆசையா வளர்க்கும், பிறகு செத்தா அழும், என்னத்துக்கு அந்தக் கவலை?" என்று உறவுக்காரர்களும் கேட்டார்கள்.

சில வருடங்களுக்கு முந்தி எங்கள் வகுப்பில், தரம் 4இல், ஒரு மகன் இருந்தார். அவருடைய வாப்பா நோயில் மௌத்தானார். பிள்ளை தாங்காது என்று வீட்டில் மறைத்தார்கள். ஜனாஸாவன்று வேறு ஊரில் சாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "வாப்பா வெளிநாட்டுக்குப் போயிட்டார்" என்று சொன்னார்கள். எங்களிடமும் வந்து, சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நாங்களும் தலையாட்டினோம். 'எனது தந்தை' என்று கட்டுரை எழுதக் கொடுத்த அன்று, வாப்பா வரும்போது சைக்கிள் கொண்டுவருவார் என்று எழுதியிருந்தார். அதையும் திருத்தி, சரி அடையாளம் போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்தோம்.

பிறகு ஒருநாள் இடைவேளையில், சண்டையில் இன்னொரு பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டது. அவர் அழவில்லை. மணி அடித்து எல்லோரும் போன பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்கும் தெரியுமா சேர்?"

எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரிந்திருந்தது. அவருக்கு மட்டும்தான் தெரியாது. தன் வாப்பாவின் ஜனாஸாவைப் பார்க்கவும், ஒரு பிடி மண் போடவும் அவருக்கிருந்த உரிமையை நாங்கள் எல்லோரும் சேர்ந்து அன்பின் பேரால் எடுத்துவிட்டோம். அந்த வருடம் முடியும் வரை அவர் எங்கள் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்?

41ஆம் நாள் அஸர் நேரம். மகள் மத்ரஸாவுக்குப் போயிருந்தாள். ட்ரையொப்ஸ் தொட்டியின் அடியில் கிடந்தது. கால்கள் அசையவில்லை. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். முதலில் வாயில் வந்தது என்ன தெரியுமா? "வாய்க்கால்ல விட்டுட்டோம், நீந்திப் போயிட்டு எண்டு சொல்லுவோம்." அதே பொய். வெளிநாடு போயிட்டார் என்ற பொய்யின் சின்னத் தம்பி.

உம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டு வந்தா. "அது செத்ததுக்குப் புள்ள ஒரு நாள் அழும். நீங்க பொய் சொன்னது தெரிஞ்சா, பிறகு நீங்க என்னத்தச் சொன்னாலும் நம்பாது மகன்" என்றா.

மகள் வந்ததும் சொன்னோம். செத்துப் போயிட்டு மகள், என்றே சொன்னோம். நித்திரை என்று சொல்லவில்லை. அழுதாள். தண்ணீர் பிழையா, தீன் பிழையா, நேற்று நான் பார்க்காததாலா என்று கேட்டாள். இல்லை, அதன் ஆயுள் அவ்வளவுதான் என்றோம். பிறகு, "41 நாள்தான் எண்டு அதுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றோம். "அதான் நேத்தும் மணலக் கிண்டிக்கிண்டு இருந்திச்சி" என்றாள். ரோசாச் செடிச் சாடிக்குள் அவளே குழி தோண்டி வைத்தாள். இரவு சோறு கொஞ்சமாகத்தான் சாப்பிட்டாள். அடுத்த நாள் வகுப்புத் தோழிகளுக்கு எல்லாவற்றையும், அது மற்றவற்றைத் தின்றது உட்பட, விபரமாகச் சொல்லியிருக்கிறாள்.

அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அபூ உமைர் சின்னப் பிள்ளை. அவர் ஒரு சின்னக் குருவி வளர்த்தார். அந்தக் குருவி செத்து அவர் கவலையோடு இருந்தபோது, ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்கள் குருவியைக் குறித்தே அந்தப் பிள்ளையிடம் அன்போடு விசாரித்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. நாங்கள் இதைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்வோம். ஆனால் பேச்சை மாற்றாமல், வேறு குருவி வாங்கித் தருவதாகச் சொல்லாமல், எது போனதோ அதைப் பற்றியே கேட்டார்கள் என்பதை எங்கள் வீட்டில் அன்றுதான் கவனித்தோம்.

அதனால் எங்கள் கருத்து இது. குறுகிய ஆயுள் உள்ள உயிரைப் பிள்ளையிடம் கொடுப்பது தவறில்லை. சாகும் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். செத்த அன்றும் சொல்லுங்கள். பிள்ளை முதன்முதலாகக் காணும் மரணம் ஒரு சின்ன உயிருடையதாக இருந்து, அப்போது பெரியவர்கள் உண்மை பேசினால், நாளைக்குப் பெரிய மரணம் வரும்போது அது நம்மிடம் வந்து கேட்கும். சொல்ல முடியாது என்றால் கோழிக்குஞ்சும் வேண்டாம், மீனும் வேண்டாம், இதுவும் வேண்டாம்.

ஆனால், இந்தப் பெட்டியை நீங்களும் வாங்குங்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். காரணம், அன்றைக்கு வாயில் வந்த அந்தப் பொய்யிலேயே இருக்கிறது: "வாய்க்கால்ல விட்டுட்டோம்."

வாய்க்கால் எங்கே போகிறது? வயலுக்கு. ஜப்பானில் வயலில் வாழும் ட்ரையொப்ஸ் விவசாயிக்கு உதவி. சேற்றைக் கிண்டிக் கலக்கி, முளைக்கும் களையைத் தின்றுவிடும். கலிபோர்னியாவில் அதே பிராணி பீடை. ஏன் இந்த வித்தியாசம்? ஜப்பானில் நாற்று நடுகிறார்கள். வளர்ந்த நாற்றை இது ஒன்றும் செய்யாது. கலிபோர்னியாவில் தண்ணீர் நிறைந்த வயலில் நெல்லை நேரடியாக வீசி விதைக்கிறார்கள். முளை இளசாக இருக்கும்போது இது தின்னும், கிண்டிப் பிடுங்கும், தண்ணீரைக் கலக்கி வெயில் படாமல் செய்யும்.

நமது சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களில் நாம் என்ன செய்கிறோம்? வீச்சு விதைப்புத்தான். பெரும்போகம், சிறுபோகம் என்று வயல் நனைவதும் காய்வதும் வேறு. இந்தப் பிராணி கேட்கிற வீடு அதுதான். விட்டால் கட்டாயம் பெருகும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் விவசாயியின் வயலை வைத்துப் பரிசோதித்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

சல்வீனியாவை நினைத்துப் பாருங்கள். 1939இல் கல்வித் தேவைக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட தாவரம். பிறகு குளம், வாய்க்கால், வயல் எல்லாம் மூடியது. படிப்பிப்பதற்கென்று கொண்டுவந்த ஒன்று! ஆசிரியர்களாகிய நமக்கு அதில் பாடம் இருக்கிறது. உயிருள்ள விலங்கையோ முட்டையையோ நாட்டுக்குள் கொண்டுவர முறையான அனுமதி வேண்டும் என்பது பெட்டியை உடைக்கும்போது எங்களுக்குத் தோன்றவேயில்லை. மச்சானுக்கும் தோன்றவில்லை. விளையாட்டுச் சாமான் என்று நினைத்ததால் வந்த மறதி. வெளிநாட்டில் இருக்கிற சகோதரர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

எங்கள் தொட்டி மணலில் முட்டை இருக்கும். தனியே ஒன்று இருந்தாலும் சில இனங்கள் முட்டையிடும். அதனால் மணலை வெளியே கொட்டவில்லை. தண்ணீரையும் மணலையும் பழைய சட்டியில் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறியபின் மலசலகூடக் குழிக்குள் ஊற்றினோம். மகனுக்கு மனம் வரவில்லை. அந்த மணலைக் காயவைத்து நனைத்தால் திரும்பவும் பொரிக்கும் என்று அவருக்குத் தெரியும். வயலைப் பற்றிச் சொன்ன பிறகு அவரே சட்டியைப் பிடித்தார்.

அப்படியென்றால் பிள்ளைகளுக்கு என்ன காட்டுவது? நமது மண்ணையே காட்டலாம். மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வற்றிய ஒரு பள்ளத்தில் இருந்து இரண்டு கைப்பிடி காய்ந்த மண் எடுங்கள். கிருமிநாசினி அடித்த இடமாக இருக்கக் கூடாது. அகலமான ஒரு பாத்திரத்தில் போட்டு, சுத்தமான மழைநீர் விடுங்கள். வெளிச்சம் படும் இடத்தில், ஆனால் நேர் வெயிலில் இல்லாமல் வையுங்கள். நுளம்புவலை கட்டாயம். பிறகு பொறுமையாக இருங்கள்.

போன தவணை வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். முதல் இரண்டு நாள் வெறும் கலங்கல் தண்ணீர். பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நாலாம் நாள் ஊசிமுனை அளவில் துள்ளித் துள்ளி நீந்தும் உயிர்கள். ஒரு கிழமையில் மட்டிக்குஞ்சு போல இரண்டு ஓட்டுக்குள் கால் நீட்டிக்கொண்டு ஓடும் இன்னொரு வகை. கைவில்லையால் பார்ப்பதற்கு வரிசையில் சண்டை. ட்ரையொப்ஸ் அளவுக்குப் பெரிது ஒன்றும் வரவில்லை. ஆனால் "இவ்வளவும் நாங்க மிதிச்சிக்கிட்டுப் போற மண்ணுக்குள்ளயா இருந்திச்சி சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அவற்றின் ஆயுளும் கொஞ்ச நாள்தான். முடிந்ததும் தண்ணீரையும் மண்ணையும் எடுத்த பள்ளத்திலேயே ஊற்றிவிட்டோம். அங்கே பிறந்தது அங்கேயே போய்ச் சேர்ந்தது. செலவு ஒரு சதமும் இல்லை.

அந்த மகனைப் பற்றியும் சொல்லி முடிக்கிறோம். இப்போது வளர்ந்துவிட்டார். கடைத்தெருவில் கண்டால் சலாம் சொல்லுவார். போன கிழமை கண்டபோது, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டோம். இத்தனை வருடம் கழித்து. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உம்மாவும் இன்னம் கேக்கல்ல சேர்" என்றார்.

வீட்டில் பிள்ளைகளிடம் இப்படி ஏதாவது மறைத்து வைத்திருக்கிறோமா என்று நாம் எல்லோரும் ஒருமுறை யோசித்துப் பார்ப்போம்.